எழுத்துக் கண்ணும் முகத்துக் கண்ணும்

கல்வியைக் கண்ணுக்கு ஒப்பிட்டுப் பேசுவது தமிழரின் தொன்மையான வழக்கம். வள்ளுவரும் ஔவையாரும் எழுத்தறிவைக் கண்ணோடு சேர்த்தே பேசினர். பள்ளிக் கட்டடத் திறப்பு விழாக்களில் மேடையேறும் எவரும் இவ்வுவமையைத் தொடாமல் இறங்குவதில்லை. நாமும் அதற்கு விலக்கு அல்லோம். ஆனால் உவமையை ஒருபுறம் வைத்துவிட்டு, முகத்தில் உள்ள கண்ணை மட்டும் எண்ணிப் பார்த்தால், நெருடலான உண்மையொன்று எதிர்ப்படுகிறது. எழுத்துக் கண்ணைத் திறக்கும் பள்ளியே முகத்துக் கண்ணின் பார்வையைக் குறுக்கிவிடுகிறது. இது மேடைப் பேச்சுக்கான முரண்சுவை அன்று. இருநூறு ஆண்டுகளாக அளந்து கண்ட செய்தி. கல்விப் பணியைத் தன் அடையாளங்களுள் ஒன்றாகக் கொண்ட திருச்சபைக்கு இதில் ஓர் அறநெறி வினா இருக்கிறது. நன்மை செய்யப் புகும் ஒருவர், அந்நன்மையோடு ஒட்டிவரும் தீமைக்கு எவ்வளவு பொறுப்பேற்க வேண்டும்?

முதலில் கிட்டப்பார்வை இன்னதென்று தெளிவோம். வளர்ந்த மனிதரின் விழி முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுடையது. குழந்தைப் பருவத்தில் உடலோடு விழியும் வளர்கிறது. நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல் அது மேலும் நீண்டுவிட்டால், தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரையின் மேல் குவியாமல் அதற்கு முன்பாகவே குவிந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் மிகையாக நீண்டால் ஏறத்தாழ இரண்டரை டயாப்டர் குறைபாடு. அதாவது 40 சென்டிமீட்டருக்கு அப்பால் உள்ள யாவும் மங்கல். நீண்ட விழி மீண்டும் சுருங்குவதில்லை. கண்ணாடி ஒளியைத் திருத்துகிறதே அன்றி விழியைத் திருத்துவதில்லை. காரட்டும் முருங்கைக்கீரையும் உடலுக்கு நல்லவை. ஆனால் அவற்றால் தடுக்கப்படும் மாலைக்கண் வேறு, இது வேறு.

இதை எண்ணிப் பார்க்கக் கொல்லிமலை தகுந்த இடம். நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் அரியூர் நாடு, தின்னனூர் நாடு, வாழவந்தி நாடு எனப் பல நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது மலையாளிப் பழங்குடி மக்களின் நிலம். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரியின் மலை இது. அவன் எய்த ஒற்றை அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஆடி மாதந்தோறும் அவ்வள்ளலுக்கு விழாவும் நடைபெறுகிறது. ஓர் அம்பு ஐந்து உயிர்களைத் துளைக்குமா என்பதைப் புலவர் பெருமக்கள் முடிவு செய்யட்டும். ஓரிக்குக் கிட்டப்பார்வை இல்லை என்பது மட்டும் உறுதி.

வேட்டை மறைந்த பின்பும் தொலைவைப் பார்க்கும் தொழில் மலையில் மறையவில்லை. தினையும் சாமையும் கேழ்வரகும் விளைந்த காலத்தில், கதிர் முற்றும்போது பறவைகளை விரட்ட ஆள் வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் சிறுவர் சிறுமியர் தலையில்தான் விழும். ஆடு மேய்ப்பதும் அவ்வாறே. காலை முதல் மாலை வரை வெட்டவெளியில், எதிர்ச்சரிவைப் பார்த்தபடி வளர்ந்த கண்கள் அவை. பின்னர் சேகோ ஆலைகளுக்கான மரவள்ளி சிறுதானியங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. மண்ணுக்குள் விளையும் கிழங்குக்குப் பறவைக் காவல் தேவையில்லை. பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தனர். வந்ததில் நமக்கு மகிழ்ச்சியே.

மலையூர்களில் கண்ணாடி அணிந்த பிள்ளையைக் காண்பது அரிது. உடனே மலைக்காற்றையும் கலப்படமற்ற உணவையும் புகழ்ந்துவிட்டுக் கீழே இறங்குவோர் உளர். அவசரப்படலாகாது. கண்ணாடி இல்லாமைக்குக் கண்ணின் நலம் காரணமாகலாம். சோதிப்பார் இல்லாமையும் காரணமாகலாம். கரும்பலகையில் எழுதியது தெரியாமல், தெரியவில்லை என்று சொல்லவும் தெரியாமல், ‘மந்தம்’ என்று பெயர் வாங்கி, ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தமிழக அரசு 2009இல் தொடங்கிய ‘கண்ணொளி காப்போம்’ திட்டம் பள்ளி மாணவர்க்கு இலவசக் கண்ணாடி வழங்க ஏற்பட்டது. நல்ல திட்டமே. ஆயினும் பள்ளியை விட்டு நின்றவனை அது எவ்வாறு தேடிச் செல்லும்?

ஆகவே, எழுதப் படிக்காத மலைவாசியின் கூரிய கண்ணைப் போற்றிப் பாடி, பள்ளியைப் பழிக்கும் எண்ணம் நமக்கு இல்லை. பசியோடும் சோகையோடும் கங்காணியின் கணக்கைப் படிக்கத் தெரியாமலும் வாழ்ந்த தலைமுறைகளின் கண்கள் நன்றாயிருந்தன என்பது அவர்களுக்கு ஆறுதலாகாது. நம் வினா வேறு. பள்ளி கண்ணைக் குறுக்குவது உண்மையா? உண்மையாயின், அது எழுத்தின் குற்றமா, அல்லது எழுத்தைக் கற்பிக்க நாம் எழுப்பிய சுவரின் குற்றமா?

உண்மையா என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் பல. 1813இல் ஜேம்ஸ் வேர் என்னும் ஆங்கிலேயக் கண் மருத்துவர் இலண்டன் அரசக் கழகத்தில் ஒரு கட்டுரை அளித்தார். காலாட்படைக் காவலர் பத்தாயிரம் பேரில் கிட்டப்பார்வை உடையோர் அரைடஜன் பேர்கூடத் தேறவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரியிலோ 127 மாணவருள் 32 பேர் கண்ணாடி வைத்திருந்தனர். அடுத்து, 1860களில் பிரெஸ்லாவ் நகரில் ஹெர்மன் கோன் என்னும் மருத்துவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரின் கண்களைச் சோதித்தார். கிராமப் பள்ளிகளில் கிட்டப்பார்வை நூற்றுக்கு இருவருக்குக்கூட இல்லை. பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தம் செய்யும் கிம்னாசியப் பள்ளிகளில் நூற்றுக்கு 26 பேருக்கு இருந்தது. வகுப்பு ஏற ஏறக் குறைபாடும் ஏறியது. வகுப்பறைக்கு நல்ல ஒளி வேண்டும் என்று கோன் வற்புறுத்தினார். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் ‘எல்லாம் பரம்பரை’ என்னும் கருத்து மேலோங்கவே, அவர் சொன்னது பின்னுக்குத் தள்ளப்பட்டது.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பெற்றோர் இருவருக்கும் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகுதி. ஆனால் பரம்பரை ஒரு தலைமுறைக்குள் தலைகீழாக மாறுவதில்லை. அலாஸ்காவின் வடகோடியில், பாரோ என்று அப்போது அழைக்கப்பட்ட ஊரில், எஸ்கிமோ மக்களிடையே நடந்த ஆய்வு 1969இல் வெளியாயிற்று. பள்ளி காணாத மூத்தோர் 131 பேரில் இருவருக்கே கிட்டப்பார்வை. பள்ளிக்குச் சென்ற இளையோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது இருந்தது. ஒரே இரத்தம், ஒரே பனி; இடையில் வந்தது பள்ளி ஒன்றே.

இறைவார்த்தையைக் கற்போருக்கும் இதில் சலுகையில்லை என்பதை 1993இல் வெளியான எருசலேம் ஆய்வொன்று காட்டுகிறது. வைதிக யூதக் குடும்பங்களின் ஆண்பிள்ளைகள் இளமை முதலே நாள் முழுவதும் திருநூல்களின் மீது குனிந்து, முன்னும் பின்னும் அசைந்து ஓதுவது வழக்கம். அவர்களுள் நூற்றுக்கு 80க்கும் மேற்பட்டோருக்குக் கிட்டப்பார்வை. அதே சமூகத்தின் பெண்பிள்ளைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே. தமையனும் தங்கையும் ஒரே பெற்றோரின் மக்கள். ஆனால் பாடத்திட்டம் வேறு. (நம் குருமடங்களில் இத்தகைய கணக்கை யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. எடுத்தால் வியப்பதற்கு ஒன்றும் இராது. எம் வகுப்பின் குழுப்படத்தில் கண்ணாடி இல்லாத முகங்களை எண்ண ஒரு கை விரல்களே போதும்.)

மாற்றிக் கேட்பவரும் உண்டு. கிட்டப்பார்வை உடையவர்களே படிப்பில் நாட்டம் கொள்கிறார்களோ? நியாயமான ஐயமே. இங்கிலாந்தில் பல்லாயிரம் பேரின் மரபணுத் தகவல்களைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தந்தது. கல்வியில் கூடும் ஒவ்வோர் ஆண்டும் கால் டயாப்டருக்குச் சற்று மேலாகக் கிட்டப்பார்வையைக் கூட்டுகிறது. கிட்டப்பார்வையோ கல்வியாண்டுகளைக் கூட்டுவதில்லை. அம்பு எத்திசையில் பாய்கிறது என்பது ஐயமறத் தெரிந்துவிட்டது.

இதன் விளைவை ஆசிய நாடுகளில் கண்கூடாகக் காண்கிறோம். தென்கொரியாவின் சியோலில் படைத்தேர்வுக்கு வந்த 19 வயது இளைஞருள் நூற்றுக்கு 96 பேருக்குக் கிட்டப்பார்வை என்று 2012இல் வெளியான ஆய்வு கூறியது. நம் நாடு அந்நிலையில் இல்லை. 2002இல் வெளியான இரு ஆய்வுகளின்படி, அன்றைய ஆந்திர மாநிலத்து மகபூப்நகர் மாவட்டக் கிராமங்களில் 7 முதல் 15 வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு நால்வருக்கும், டெல்லி நகரில் 5 முதல் 15 வயதினருள் நூற்றுக்கு எழுவருக்கும் அது இருந்தது. 2015இல் டெல்லிப் பள்ளிகளைப் பற்றிய மற்றோர் ஆய்வு நூற்றுக்கு 13 எனக் கண்டது. ஆய்வு முறைகள் ஒன்றல்ல. எனவே அப்படியே ஒப்பிடலாகாது. போகும் திசை மட்டும் தெளிவு.

இதுவரை படித்த பெற்றோர் புத்தகத்தைப் பிடுங்கி வைக்க எழுந்திருக்க வேண்டாம். கதையின் முதன்மையான பகுதி இனிமேல்தான் வருகிறது. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டனர். சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகள், ஆறேழு வயதினர். சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் மூவருக்கே. பெற்றோரின் கண்கள் இரு நகரங்களிலும் ஏறக்குறைய ஒரே தரம். சிட்னிப் பிள்ளைகள் வாரத்தில் கூடுதலான புத்தகங்களைப் படித்தனர்! வேறுபாடு எங்கே என்றால், சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு ஏறத்தாழ 14 மணி நேரம் வெளியில் இருந்தனர். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் மூன்று மணி நேரம்.

விழித்திரையில் ஒளி விழும்போது டோபமின் என்னும் பொருள் சுரக்கிறது. விழி மிகையாக நீளாமல் அது தடுக்கிறது என்பதே அறிஞர் பலர் ஏற்கும் விளக்கம். தொலைவில் உள்ளவற்றைப் பார்ப்பதும் உதவக்கூடும். ஒளியின் அளவை லக்ஸ் என்று குறிப்பர். நல்ல வகுப்பறையில் அது முந்நூறு, ஐந்நூறு. நம் அறைகள் பலவற்றில் அதுவும் இராது. நண்பகல் வெயிலில் ஓர் இலட்சம் வரை செல்லும். புங்க மரத்து நிழலில்கூட அறையைவிடப் பன்மடங்கு ஒளி உண்டு. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதால் இவ்வேறுபாட்டை நாம் உணர்வதில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் பன்னிரண்டு தொடக்கப் பள்ளிகளை எடுத்து, ஆறில் மட்டும் நாள்தோறும் 40 நிமிட வெளிவகுப்பு ஒன்றைக் கூட்டினர். மூன்றாண்டு கழித்து, புதிதாகக் கிட்டப்பார்வை அடைந்தோர் மற்றப் பள்ளிகளில் நூற்றுக்கு 39 பேர். இந்த ஆறு பள்ளிகளில் 30 பேர். 2015இல் வெளியான முடிவு இது. தைவான் 2010 முதலே நாளுக்கு இரண்டு மணி நேரம் பிள்ளைகளை வெளியில் இருக்கச் செய்யும் இயக்கத்தை நடத்தி, பல்லாண்டு ஏறிவந்த எண்ணிக்கையை இறங்கச் செய்தது. இதற்கு எதிர்மறையான சான்றும் நமக்குக் கிடைத்தது. 2020இல் பெருந்தொற்றால் வீட்டில் அடைபட்ட பின், சீனாவின் ஃபெய்செங் நகரில் ஆறு வயதினரிடையே, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் நூற்றுக்கு ஆறைத் தாண்டாத கிட்டப்பார்வை 21ஐத் தாண்டியது.

ஆக, எழுத்துக்கும் பங்கு உண்டு. சுவருக்குப் பெரும்பங்கு உண்டு. எழுத்தைக் கைவிடாமலே சுவரைத் தளர்த்தலாம். கிட்டப்பார்வை வந்தபின் அது வளராமல் தடுக்க வெளியொளி எவ்வளவு உதவும் என்பது அத்துணை உறுதியாகவில்லை. வராமல் தடுக்க உதவுகிறது என்பது உறுதி. எனவே காலம் முக்கியம். ஐந்து வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளே பொன்னானவை.

இப்போது அறநெறிக்கு வருவோம். புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் தற்காப்பைப் பற்றி எழுதுகையில், ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம், ஒன்று நாடப்படுவது, மற்றொன்று நாடப்படாதது என்று பிரித்துக் காட்டினார். பின்வந்த அறநெறி இறையியலார் இதை ‘இரட்டை விளைவு’ என்னும் கொள்கையாக வகுத்தனர். செயல் தன்னளவில் நல்லதாயிருக்க வேண்டும். தீய விளைவு நாடப்படலாகாது. தீமையின் வழியாக நன்மை அடையப்படலாகாது. தீமையை ஏற்கத் தகுந்த காரணம் இருக்க வேண்டும். கல்வி தன்னளவில் நல்லது. பிள்ளையின் பார்வை குறைய வேண்டும் என்று எந்த ஆசிரியரும் நாடுவதில்லை. பார்வை குறைவதால் அறிவு வளர்வதுமில்லை. முதல் மூன்று நிபந்தனைகளைப் பள்ளி எளிதில் கடந்துவிடுகிறது.

நான்காவதில்தான் இடறல். தீய விளைவைத் தவிர்த்துக்கொண்டே அதே நன்மையை அடைய வழியிருக்கும்போது, அவ்வழியைக் கைக்கொள்ளாதவர் ‘தகுந்த காரணம்’ என்று எதைக் காட்டுவார்? அறுவை மருத்துவர் உறுப்பை அகற்றுவது வேறு வழி இல்லாதபோது அறம். மருந்தால் தீரும் நோய்க்கு உறுப்பை அகற்றினால் அதை நாம் வேறு பெயரிட்டு அழைப்போம். அறியாமை ஒரு காலத்தில் காரணமாயிருந்தது. வெல்ல முடியாத அறியாமை குற்றமாகாது என்பது நம் மரபு. ஆனால் வெல்லக்கூடிய அறியாமை என்று மற்றொன்றும் அம்மரபில் உண்டு. நாற்பது நிமிடம் போதும் என்று ஆய்வுகள் காட்டிவிட்ட பிறகு, பக்கவிளைவு என்று நாம் அழைத்துவந்தது நம் தேர்வாகிவிடுகிறது.

‘கண்ணாடி போட்டால் தீர்ந்தது, இதற்கு அக்குவினா எதற்கு?’ என்று கேட்கலாம். நகரத்தில் வாழ்வோர் கேட்கும் வினா அது. கண்ணாடி பெரும் வரம். அதன் வரலாற்றில் துறவியருக்கும் இடமுண்டு. கண்ணாடி செய்யும் கலை தோன்றி இருபது ஆண்டுகூட ஆகவில்லை என்று 1306இல் ஃபிளாரன்சில் மறையுரையாற்றிய பீசா நகரத்துச் சகோதரர் ஜோர்தானோ ஒரு தோமினிக்கன் சபையினர். கிட்டப்பார்வைக்கான குழிவில்லை பின்னர் வந்தது. திருத்தந்தை பத்தாம் லியோ அத்தகைய வில்லையொன்றைக் கையில் ஏந்தியிருப்பதை ரஃபேல் ஓவியமாகவே தீட்டியிருக்கிறார். திருத்தந்தைக்கு வில்லை உடைந்தால் வேறொன்று கிடைக்கும். கொல்லிமலையின் உள்ளூரில் கூலிவேலை செய்யும் தாயின் மகனுக்கு அது உடைந்தால், அடுத்த முகாம் வரும் வரை அவன் பாதி உலகைத்தான் பார்ப்பான். பவரோ ஆண்டுதோறும் மாறும். ஆறு டயாப்டரைத் தாண்டியவர்களுக்கு முதுமையில் விழித்திரை கழலுதல் முதலிய கேடுகள் வரும் வாய்ப்பு மிகுதி. அவற்றைக் கண்ணாடி தடுப்பதில்லை.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். மகளுக்குக் கண்ணாடி போட்டால் வரன் அமையாது என்றஞ்சி, கரும்பலகை தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றிருக்கும் பெற்றோர் நம் பங்குகளில் இன்றும் உள்ளனர். கண்ணாடி அணிந்தால் பவர் ஏறும் என்ற கட்டுக்கதை அவர்களுக்குத் துணை. ஏறுவது விழி வளர்வதால், கண்ணாடியால் அன்று. கிட்டப்பார்வையை உருவகமாக்கி, ‘குறுகிய நோக்கு’ என்று மறையுரையில் சாடுவது நம்மவர்க்கு எளிது. அந்தச் சொல்லைக் கேட்டபடி மூன்றாம் வரிசையில் கனத்த கண்ணாடியோடு அமர்ந்திருக்கும் சிறுமியை நினைத்தால் அவ்வுருவகத்தை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது.

கல்விக்கு விலை கொடுத்த குடும்பம் ஒன்றைக் கொல்லிமலை அறியும். 1913இல் மணம் முடித்து அம்மலையில் பணியாற்றிய ஜெசி பிராண்டும் ஈவ்லினும் பாப்டிஸ்ட் சபையினர். நம் சபையினர் அல்லர் எனினும் அவர்கள் உழைப்பை மதிக்காமலிருக்க இயலாது. மருத்துவம், பள்ளி, வேளாண்மை என மலை முழுதும் நடந்தவர்கள். அவர்களின் மகன் பால் 1914இல் பிறந்து, அங்கே காடும் மரமுமாக வளர்ந்தான். தாயே அவனுக்குப் பாடம் சொன்னார். ஒன்பது வயதில், 1923இல், பள்ளிக் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். தந்தையை அவன் மீண்டும் காணவில்லை. ஜெசி 1929இல் காய்ச்சலுக்குப் பலியானார். அந்தச் சிறுவனே பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் மடங்கிய கைகளை அறுவையால் நிமிர்த்திய மருத்துவர் பால் பிராண்டு. தாய் ஈவ்லின் முதுமையில் மலைக்கே திரும்பி, 1974இல் மறையும் வரை உழைத்தார்.

அப்பெற்றோர் கொடுத்த விலை கொடியது. அன்றைய நிலையில் அவர்களுக்கு வேறு வழி தென்படவில்லை. தவிர்க்க முடியாத விலையைக் கண்ணீரோடு கொடுப்பது ஒன்று. தவிர்க்கக்கூடிய விலையைப் பிறர் பிள்ளையின் கண்ணிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, அதைத் தியாகம் என்று பெயரிடுவது மற்றொன்று. கல்வியைப் பற்றிப் பேசும்போது இவ்விரண்டையும் நாம் கலந்துவிடுகிறோம். ‘கஷ்டப்பட்டால்தான் படிப்பு’ என்று பெற்றோரும் சொல்கிறார்கள், நாமும் சொல்கிறோம். எந்தக் கஷ்டம் படிப்பைத் தருகிறது, எந்தக் கஷ்டம் வெறும் கஷ்டம் என்று பிரித்துப் பார்க்க நேரம் ஒதுக்குவதில்லை.

நம் பள்ளிகளைப் பாருங்கள். மூன்று வயதில் எல்.கே.ஜி. ஐந்து வயதில் வீட்டுப்பாடம். விளையாட்டுப் பாடவேளை அட்டவணையில் இருக்கும். அந்த வேளையில் கணக்கு ஆசிரியர் வந்து நிற்பார். பத்தாம் வகுப்பென்றால் விளையாட்டு என்ற சொல்லே மறைந்துவிடும். மைதானத்தில் புதுக் கட்டடம் எழும். அதன் திறப்பு விழாவில் கல்வியே கண் என்று பேசுவோம். மறைக்கல்வியையும் விட்டுவைக்கவில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்ததும், வாரத்தின் ஒரே ஓய்ந்த காலைப்பொழுதில், பிள்ளைகளை மீண்டும் பெஞ்சுகளில் அடைக்கிறோம். ஆண்டவரோ மலைமீதும் ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும் கற்பித்தவர்.

மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை ஆண்டவர் குணமாக்கும் நிகழ்ச்சி வருகிறது. கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப்போய்த்தான் அவரைத் தொடுகிறார். முதல் தொடுதலுக்குப் பின் அவருக்கு மனிதர்கள் நடமாடும் மரங்களைப் போலத் தோன்றினர். இதைக் கிட்டப்பார்வை என்று விளக்கத் துணிந்தால் விவிலியப் பேராசிரியர்கள் நம்மை விடமாட்டார்கள். ஆயினும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுகரையைப் பார்த்த எவருக்கும் அவ்வுவமை எவ்வளவு துல்லியமானது என்று தெரியும். இருளிலிருந்த ஒருவருக்கு மரம்போலத் தெரிவதே பெரிதல்லவா என்று அங்கே நிறுத்தவில்லை அவர். எவ்வாறு தெரிகிறது என்று கேட்டு, மீண்டும் தொட்டார். எழுத்தறியாச் சமூகத்துக்குப் பள்ளி கிடைத்ததே பெரிதல்லவா என்று நிறுத்திவிடும் நமக்கு, அந்தக் கேள்வி சற்றுச் சங்கடமானது.

இதில் விடுதிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மலையில் அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. சமவெளியில் துறவற சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்தும் விடுதிகளுக்கும் மலைப்பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குப் பள்ளி விட்டபின் தெருவாவது உண்டு. பள்ளிக்கு நடக்கும் வழியாவது உண்டு. விடுதிப் பிள்ளைக்கு நாள் முழுவதும் நாம் வகுத்ததே வழி. பெற்றோர் நம்மை நம்பி, எழுபது வளைவு இறங்கி வந்து விட்டுச் சென்றவர்கள். அவர்களுக்கு டயாப்டர் தெரியாது, லக்ஸ் தெரியாது. தெரிந்தவர் யாரோ அவர்மேல் பொறுப்பு இருக்கிறது. விடிவதற்கு முன் எழுப்பிக் குழல்விளக்கின் கீழ்ப் படிப்பு, பகலெல்லாம் வகுப்பு, மாலை நான்கரைக்குத் தனிப்பாடம், ஆறரைக்குச் செபமாலை, பின் இரவுப் படிப்பு என்றால், நல்ல கண்ணோடு வந்த பிள்ளை வெளியொளியைக் காண்பது வரிசையில் நின்று தட்டுக் கழுவும்போதுதான்.

இதை மாற்றப் பணம் வேண்டியதில்லை. மாலை நான்கரை முதல் ஆறு வரை வெயில் தணிந்த நேரம். அதை விளையாட்டுக்கும் தோட்ட வேலைக்கும் விட்டுவிட்டு, தனிப்பாடத்தை இருட்டிய பின்னர் வைத்தால் படிப்பு நேரத்தில் ஒரு மணித்துளியும் குறையாது. சிறு வகுப்புகளுக்கு நாளில் ஒரு பாடவேளையை மரத்தடிக்கு மாற்றலாம். தமிழ்ச் செய்யுளுக்கும் வாய்ப்பாட்டுக்கும் கூரை எதற்கு? மதிய உணவுக்குப் பின் வகுப்பறைக் கதவைப் பூட்டிவிட்டாலே அரைமணி கிடைக்கும். வெயில் கொடுமை என்பார்க்கு நிழல் போதும் என்பது விடை. சூரியனை நேரே பார்க்காதபடி மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை எல்லாப் பிள்ளைகளின் கண்ணையும் சோதிக்கச் செய்து, குறை கண்டால் சரியான பவரில் கண்ணாடியும், உடைந்தால் மாற்றுக் கண்ணாடியும் தர விடுதியின் பொறுப்பாளர் வழி செய்யலாம். குறைபாடு விரைந்து ஏறும் பிள்ளைகளுக்குச் சொட்டுமருந்து முதலிய புதிய சிகிச்சைகள் உண்டு. அவை கண் மருத்துவர் கையில்.

தடை வருவது பணத்தால் அன்று, தேர்ச்சி விழுக்காட்டால். மாலையில் பிள்ளைகள் ஆடுவதைக் கண்ட பெற்றோர், பக்கத்துப் பள்ளியில் அந்நேரம் சிறப்பு வகுப்பு நடப்பதைச் சுட்டிக்காட்டி இடம் மாற்றுவார்கள் என்று தலைமையாசிரியர் அஞ்சுகிறார். அவர் அஞ்சுவதில் பொருள் உண்டு. எனவே இது தலைமையாசிரியர் ஒருவரால் முடிவதன்று. பெற்றோராகிய நீங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்கிறீர்கள். பிள்ளை நாளில் எத்தனை மணி வெளியில் இருக்கும் என்று கேட்டதுண்டா? நான்கு பெற்றோர் அக்கேள்வியைக் கேட்டால் போதும், ஐந்தாமவருக்குப் பள்ளி விடை ஆயத்தம் செய்துவைத்திருக்கும். ஜூன் மாதத்துக்குரிய கால அட்டவணை பெரும்பாலான பள்ளிகளில் மே மாத இறுதியில் எழுதப்படுகிறது.